முழுநேர மாணவர்கள், ஓய்வுபெற்றவர்கள்: எண்ணிக்கை ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது? (கேள்வி பதில்)

மக்கள்தொகை அட்டவணைகளை வைத்துத் திட்டம் போடுபவர்களும் ஆய்வு மாணவர்களும் கேட்ட கேள்விகள் இவை. பதில் சொல்பவர் மக்கள்தொகை முன்கணிப்பில் நீண்டகாலம் பணியாற்றுபவர்.

இளங்கோ: வணக்கம் மேடம். கல்லூரியில் முழுநேரம் படித்துக்கொண்டே வாரம் 10 மணி நேரம் ஒரு கடையில் வேலை பார்க்கிறவரை எந்தக் கட்டத்தில் போடுவது? ஒவ்வொரு அட்டவணையும் ஒவ்வொரு மாதிரி காட்டுகிறது.

பதில்: வணக்கம் இளங்கோ. எந்த அட்டவணை என்பதைப் பொறுத்து அவர் இடம் மாறுவார். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் வரையறைப்படி, கணக்கெடுக்கும் வாரத்தில் கூலிக்கோ லாபத்துக்கோ ஒரு மணி நேரம் உழைத்திருந்தாலே அவர் வேலையில் இருப்பவர். முதலில் வேலை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இல்லையென்றால் வேலை தேடினாரா, கிடைத்தால் சேரத் தயாரா என்று பார்ப்பார்கள். இரண்டிலும் வராதவர்களைத்தான் மாணவர், ஓய்வுபெற்றவர், வீட்டைக் கவனிப்பவர் என்று பிரிப்பார்கள்.

அதனால் தொழிலாளர் கணக்கெடுப்பில் 'மாணவர்' என்று அச்சாகும் எண், வேலையும் செய்யாத, வேலையும் தேடாத மாணவர்களின் எண்ணிக்கை மட்டுமே. ஊரில் பகுதிநேர வேலை பெருகினால் இந்த எண் குறையும். வகுப்பறையில் ஒருவர்கூடக் குறைந்திருக்க மாட்டார். 'மாணவர்கள் குறைகிறார்கள்' என்று தலைப்புப் போடுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறார்கள். இங்கிலாந்து, வேல்ஸ் 2021 கணக்கெடுப்பு அட்டவணைகளில் வேலைச் சந்தையில் உள்ள முழுநேர மாணவர்கள் தனி வரிசையிலும், வேலைச் சந்தைக்கு வெளியே உள்ள மாணவர்கள் இன்னொரு வரிசையிலும் இருப்பார்கள். மொத்தம் வேண்டுமென்றால் இரண்டையும் கூட்ட வேண்டும்.

'முழுநேரம்' என்ற சொல்லையும் விட்டுவிடாதீர்கள். பிரிட்டிஷ் உயர்கல்விப் புள்ளிவிவரத்தில் ஆண்டுக்குக் குறைந்தது 24 வாரம், வாரத்துக்குச் சராசரி 21 மணி நேரப் படிப்பு என்பது அளவு. அமெரிக்காவில் இளநிலை மாணவருக்கு ஒரு பருவத்துக்கு 12 கிரெடிட். இந்த இரண்டு எல்லைகளும் ஒரே கூட்டத்தைப் பிடிப்பதில்லை.

ஓய்வுபெற்றவர் விஷயம் இதைவிடச் சிக்கல். மூன்று வழிகளில் எண்ணுகிறார்கள்: ஒரு வயதைக் கடந்தவர்கள் எல்லாரும், ஓய்வூதியம் வாங்குகிறவர்கள், 'நான் ஓய்வுபெற்றுவிட்டேன்' என்று தாமே சொல்கிறவர்கள். 58 வயதில் வேலையை விட்டு, ஓய்வூதியம் இன்னும் வராமல் சேமிப்பில் வாழ்பவர் மூன்றாவது கணக்கில் மட்டும் வருவார். ஓய்வூதியம் வாங்கிக்கொண்டே வேலைக்குப் போகிற 67 வயதுக்காரர் முதல் இரண்டில் வருவார். தொழிலாளர் கணக்கெடுப்பு அவரை வேலையில் இருப்பவர் என்றே எழுதும். வாழ்நாள் முழுக்க வீட்டைக் கவனித்த 70 வயதுப் பெண் தன்னை ஓய்வுபெற்றவர் என்று சொல்வாரா, வீட்டைக் கவனிப்பவர் என்று சொல்வாரா என்பது தலைமுறைக்குத் தலைமுறை மாறும். பெண்கள் வரிசையில் காணும் ஏற்றத்தில் ஒரு பகுதி வெறும் பதில் மாற்றமாக இருக்கலாம். இரண்டு கட்டங்களையும் கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை நகராமல் உள்பங்கு மட்டும் நகர்ந்திருந்தால் அது பதில் மாற்றம்தான்.

கவிதா: மேடம், ஒரு பல்கலைக்கழக நகரத்துக்கு 10 ஆண்டு முன்கணிப்பு போட்டோம். 30–34 வயதில் பெரிய வீக்கம் வருகிறது, பிறப்புகளும் எகிறுகின்றன. அதை நம்பித் தொடக்கப்பள்ளி கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம், கவிதா. அந்த வீக்கம் கணக்குமுறையின் பிழை.

வழக்கமான முறை, இன்று 20–24 வயதில் இருப்பவர்களை உயிர்வாழ் விகிதத்தால் பெருக்கி, 10 ஆண்டு கழித்து 30–34 வயதில் உட்கார வைக்கும். பல்கலைக்கழக ஊரில் அது நடப்பதில்லை. 19 முதல் 22 வரையுள்ள வீக்கம் அதே வயதில் நின்றுகொண்டிருக்கும். ஆட்கள் மட்டும் மாறிக்கொண்டே இருப்பார்கள். இதற்குச் சிறப்பு மக்கள்தொகையை, அதாவது வயதாகாமல் ஆட்கள் மட்டும் மாறிக்கொண்டிருக்கும் இத்தகைய கூட்டத்தை, பிரித்துக் கணிக்கும் முறை உண்டு. படைமுகாம், சிறைச்சாலை உள்ள ஊர்களுக்கும் அதையே செய்கிறார்கள்.

ஓர் எண் வைத்துச் சொல்கிறேன். ஊரில் 1,00,000 பேர், 20–24 வயதில் 18,000 பேர், அவர்களில் 14,000 பேர் மாணவர்கள் என்று கொள்வோம். முதலில் 14,000-ஐ அப்படியே கழிக்காதீர்கள். அதில் 3,000 பேர் அதே ஊரில் பெற்றோருடன் வளர்ந்தவர்கள் என்றால், கழிக்க வேண்டியது வெளியிலிருந்து வந்த 11,000 பேரை மட்டும். விடுதிப் பட்டியலும் பல்கலைக்கழகப் பதிவேட்டின் நிரந்தர முகவரியும் இருந்தால் இதைப் பிரித்துவிடலாம். ஒவ்வொரு வயதுக்கும், ஆண் பெண் தனித்தனியாகப் பிரியுங்கள்.

அடுத்ததில்தான் பலர் தவறுகிறார்கள். மாணவர்களைத் தொடக்க மக்கள்தொகையிலிருந்து கழித்துவிட்டு, இடப்பெயர்வு விகிதத்தை மட்டும் பழையபடியே வைத்துக்கொள்கிறார்கள். அந்தப் பழைய விகிதத்துக்குள் படிப்பு முடிந்து கிளம்பும் ஆயிரக்கணக்கானோர் இருக்கிறார்கள். இல்லாத மாணவர்களை அது மறுபடியும் வெளியேற்றும். 25–29 வயதில் எண் பாதாளத்துக்குப் போகும், சிறிய ஊரில் கழித்தல் குறியே வந்துவிடும். ஆகவே மீதியுள்ள 89,000 பேருக்கும் இடப்பெயர்வை மாணவர் இல்லாமல் புதிதாகக் கணக்கிட வேண்டும்.

பிறகு அந்த 89,000 பேரை முன்னே நகர்த்துங்கள். கடைசியில் மாணவர்களைத் தனியாகச் சேருங்கள். அந்த எண் பல்கலைக்கழகத்தின் இடங்களையும் விடுதிக் கொள்ளளவையும் பார்த்து முடிவாக வேண்டியது; ஊரின் பிறப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. படிப்பு முடிந்தபின் ஊரிலேயே தங்குகிறவர்களை 22–26 வயதின் உள்வரவாக எழுதுங்கள்.

உங்கள் கணக்கில் இன்று 20–24 வயதில் உள்ள 18,000 பேரும் அப்படியே 30–34 வயதுக்கு வந்திருப்பார்கள். சரியான கணக்கில் 7,000 பேரும் தங்கிவிட்டவர்களும்தான் வருவார்கள். பிறப்பு எகிறியதற்கும் இதுவே காரணம். மாணவிகளையும் சேர்த்து, நாட்டின் பொதுவான வயதுவாரிக் கருவள விகிதத்தால் (அந்தந்த வயதுப் பெண்களுக்கு எத்தனை பிறப்பு என்பதால்) பெருக்கியிருக்கிறீர்கள். முழுநேரம் படிக்கும் பெண்களிடம் பிறப்பு மிகக் குறைவு.

அப்துல் ரஹீம்: பிறப்பு விகிதம் பல ஆண்டுகளாகக் குறைந்துகொண்டே வருகிற நாட்டில் பல்கலைக்கழக மாணவர் எண்ணிக்கை எப்படிக் கூடும்? எங்கோ தப்பு இருக்கிறதா?

பதில்: தப்பு இல்லை. இதற்கு ஜப்பான் நல்ல எடுத்துக்காட்டு. 1992-இல் அங்கே 18 வயதினர் ஏறக்குறைய 20.5 லட்சம். அந்த ஆண்டு நான்காண்டுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர்கள் அதில் சுமார் 26%. 2022-இல் 18 வயதினர் ஏறக்குறைய 11.2 லட்சம்; சேர்ந்தோர் விகிதம் சுமார் 57%. பெருக்கினால் 5.33 லட்சம் 6.38 லட்சமாகிறது. இளைஞர் கூட்டம் பாதிக்கு நெருக்கமாகச் சுருங்கியும் சேர்க்கை 1.05 லட்சம் கூடியிருக்கிறது.

இந்த 1.05 லட்சத்தை இரண்டாகப் பிரிக்கலாம். மக்கள்தொகையியலாளர் எவ்லின் கிடகாவா 1955-இல் கொடுத்த எளிய வழி இது. கூட்டத்தின் மாற்றத்தை இரண்டு விகிதங்களின் சராசரியால் பெருக்குங்கள்: (11.2 − 20.5) × 0.415 = −3.86 லட்சம். விகிதத்தின் மாற்றத்தை இரண்டு கூட்டங்களின் சராசரியால் பெருக்குங்கள்: 0.31 × 15.85 = +4.91 லட்சம். இரண்டையும் கூட்டினால் 1.05 வந்துவிடும், மிச்சம் எதுவும் நிற்காது. பிறப்புச் சரிவு 3.86 லட்சம் இடங்களைத் தின்றது, ஆர்வப் பெருக்கம் 4.91 லட்சம் இடங்களைக் கொடுத்தது என்று அர்த்தம்.

இந்தப் பிரிப்பைச் செய்யாமல் 'வளர்ச்சி' என்று எழுதுவது ஆபத்து. இந்தச் சேர்ந்தோர் விகிதம் 100-க்கு மேல் போகாது. அது தட்டையாகும் நாளில் பிறப்புச் சரிவு முழு எடையோடு தெரியும். நுழைவுத் தேர்வில் முதல் முறை தோற்று அடுத்த ஆண்டு சேர்கிறவர்களும் ஜப்பான் விகிதத்தின் மேல்தொகையில் (வகுபடும் எண்ணில்) உண்டு, கீழே (வகுக்கும் எண்ணில்) 18 வயதினர் மட்டும். பிற நாடுகளோடு ஒப்பிடும்போது இதை ஞாபகம் வையுங்கள்.

தமிழ்ச்செல்வன்: மொத்தச் சேர்க்கை விகிதம் (உயர்கல்வியில் உள்ள எல்லா மாணவரையும் கல்லூரி வயதினரின் எண்ணிக்கையால் வகுத்தது) 100-ஐத் தாண்டியிருந்தால் அது அச்சுப்பிழைதானே?

பதில்: இல்லை. மேலே எந்த வயது மாணவரும் எண்ணப்படுவார், கீழே ஐந்து வயதுகள் மட்டும். முப்பது வயதில் படிப்பவரும் பட்டம் முடிக்காமல் பதிவேட்டில் கிடப்பவரும் சேரும்போது 100 தாண்டும். கிரீஸ் அப்படித்தான் 140-க்கும் மேலே காட்டியது. இன்னொன்று: யுனெஸ்கோ பள்ளி முடிந்தபின் வரும் ஐந்து ஆண்டு வயதை எடுக்கும், இந்தியாவின் உயர்கல்விக் கணக்கெடுப்பு 18–23 என்ற ஆறு வயதை எடுக்கிறது. இரண்டையும் ஒரே வரைபடத்தில் ஒட்டக்கூடாது.

மேரி: மேடம், 60 வயதைக் கடந்தவர்கள் ஆண்டுதோறும் கூடுகிறார்கள். ஆனால் ஓய்வுபெற்றவர்கள் எண்ணிக்கை பல ஆண்டுகள் அப்படியே நிற்கிறது, சில ஆண்டுகளில் குறைகிறது. எப்படி விளக்குவது?

பதில்: வரத்தையும் தங்கும் காலத்தையும் பிரித்துப் பாருங்கள், மேரி. ஆண்டுக்கு 40,000 பேர் ஓய்வுபெறுகிறார்கள், சராசரியாக 20 ஆண்டு வாழ்கிறார்கள் என்றால், நிலை சீரான பிறகு 8 லட்சம் பேர் இருப்பார்கள். ஓய்வு வயதை ஒரேயடியாக ஓர் ஆண்டு உயர்த்தினால் அந்த ஆண்டு உள்ளே வருபவர்கள் ஏறக்குறைய யாருமில்லை. இறப்புகள் மட்டும் நடக்கும். எண் 7.6 லட்சத்துக்கு இறங்கிவிட்டு மறுபடி வழக்கமான வரத்து தொடங்கும். முதுமை எதுவும் குறையவில்லை, வாசலைத் தள்ளி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

பிரிட்டனில் பெண்களின் அரசு ஓய்வூதிய வயது 2010 முதல் 2018 வரை 60-லிருந்து 65-ஆக உயர்ந்தது. 2020-இல் இருபாலருக்கும் 66. அந்தக் காலத்துப் பெண்கள் வரிசையைப் படிக்கும்போது 60–64 வயதைத் தனியாக எடுத்து வைத்தால்தான் மற்ற வயதுகளின் போக்கு தெரியும். போலந்து எதிர்த்திசையில் போனது. 2013-இல் 67-ஐ நோக்கி உயர்த்தத் தொடங்கி, 2017 அக்டோபரில் பெண்களுக்கு 60, ஆண்களுக்கு 65 என்று திரும்பிவிட்டது. தேங்கியிருந்தவர்கள் ஒரே நேரத்தில் உள்ளே வந்தார்கள்.

படிப்படியாக உயர்த்தும்போது வரத்து எவ்வளவு குறையும் என்பதையும் கையாலேயே கணக்கிடலாம். சீனா 2025 ஜனவரி முதல் 15 ஆண்டுகளில் ஆண்களின் ஓய்வு வயதை 60-லிருந்து 63-ஆக உயர்த்துகிறது. பிறந்த தேதி நான்கு மாதம் பிந்தும்போதெல்லாம் ஓய்வு வயது ஒரு மாதம் தள்ளிப்போகும். அதாவது 12 ஆண்டுகளில் பிறந்தவர்கள் 15 ஆண்டுகளில் பரவலாக ஓய்வுபெறுவார்கள். வரத்து ஐந்தில் நான்காகிறது. 50-லிருந்து 55-க்குப் போகும் பெண் தொழிலாளர்களுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு மாதம். 10 ஆண்டுப் பிறப்பு 15 ஆண்டில் பரவுவதால் வரத்து மூன்றில் இரண்டாகிறது. 1962-க்குப் பிறகு அங்கே பிறந்த மிகப்பெரிய கூட்டங்கள் இப்போதுதான் 60-ஐ எட்டுகின்றன. அதனால் ஓய்வு வயதைத் தள்ளினாலும் எண் இறங்காது, ஏறும் வேகம்தான் தணியும்.

உங்கள் தரவில் இதைச் சோதிக்க, ஒற்றை வயதுவாரியாக 'ஓய்வுபெற்றவர் சதவீதம்' போடுங்கள். 70-க்கு மேல் கோடு நகராமல் 58–66 வயதில் மட்டும் வலப்பக்கம் நகர்ந்திருந்தால் அது விதி மாற்றம்.

ஆயுளைப் பற்றி ஒன்று. பிறப்பின்போதான ஆயுட்காலம் 70 என்றால் 65-இல் ஓய்வுபெறுபவர் ஐந்து ஆண்டுதான் வாழ்வார் என்று கழித்துவிடாதீர்கள். அந்த 70-க்குள் குழந்தை இறப்புகளும் இருக்கின்றன. 65 வயதை எட்டியவருக்கு எஞ்சிய ஆயுளை ஆயுள் அட்டவணையின் 65-ஆவது வரிசையில் எடுக்க வேண்டும்.

சுகந்தி: சார்பு விகிதம் (உழைப்பவர் 100 பேருக்கு அவர்களைச் சார்ந்திருப்பவர் எத்தனை பேர் என்பது) கணக்கிடும்போது 15–64 வயதினர் எல்லாரையும் உழைப்பவர்களாக எடுப்பது சரியா?

பதில்: நாடுகளை ஒப்பிட வசதி, உண்மைக்குத் தூரம். 19 வயது முழுநேர மாணவர் அதில் தாங்குபவர். வேலைக்குப் போகிற 67 வயதுக்காரர் சார்ந்திருப்பவர். ஜப்பானில் 65–69 வயதினரில் பாதிக்கும் மேல் வேலையில் இருக்கிறார்கள்.

1,000 பேர் உள்ள மக்கள்தொகையில் 0–14 வயதில் 180, 15–64-இல் 640, அதற்கு மேல் 180 பேர் என்று வையுங்கள். வயதுவழிச் சார்பு 360-ஐ 640-ஆல் வகுத்தால் 100-க்கு 56. இப்போது 15–64-இல் வேலை செய்யாத மாணவர் 90, வேறு காரணங்களால் வேலையில் இல்லாதவர் 100. முதியவர்களில் 30 பேர் வேலையில். உழைப்பவர் 480, மற்றவர் 520. 100 உழைப்பாளருக்கு 108 பேர். செலவுத் திட்டத்துக்கு இரண்டாவது எண்ணைத்தான் எடுப்பேன். படிப்புக்காலம் ஓராண்டு நீள்வதும் ஓய்வு ஓராண்டு தள்ளிப்போவதும் எப்படி ஒன்றையொன்று ஈடுகட்டுகின்றன என்று அதில் மட்டுமே தெரியும்.

பிரபாகரன்: ஒரே நாடு, ஒரே ஆண்டு. பல்கலைக்கழக மாவட்டத்தில் 18–22 வயதினர் எண்ணிக்கை இரண்டு கணக்கெடுப்புகளில் இரண்டு மாதிரி. எதை நம்ப?

பதில்: மாணவரை எந்த வீட்டில் எண்ணினார்கள் என்று முதலில் பாருங்கள். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1950 முதல் கல்லூரி மாணவர்களைப் படிக்கும் ஊரில் எண்ணுகிறது. அதே நாட்டின் மாதாந்தரத் தொழிலாளர் கணக்கெடுப்போ விடுதி மாணவரைப் பெற்றோர் வீட்டில் சேர்க்கும். இரண்டும் சரி, ஆனால் ஒன்றின் மாணவர் எண்ணை இன்னொன்றின் மக்கள்தொகையால் வகுத்தால் பொய் விகிதம் வரும். அங்கே ஆண்டுதோறும் நடக்கும் சமுதாயக் கணக்கெடுப்பில் விடுதிகள் 2006-இல்தான் சேர்ந்தன. அதற்கு முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிட்டால் கல்லூரி ஊர்கள் திடீரென்று வளர்ந்ததுபோல் தெரியும்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1991-இல் பெற்றோர் வீடு, 2001 முதல் படிப்புக்கால முகவரி. இந்த இரு ஆண்டுகளை நேரடியாக ஒப்பிட்டு 'மாணவர் நகரங்கள் பெருத்தன' என்று எழுதக்கூடாது.

2021-ஐத் தனியாகவே வையுங்கள். கணக்கெடுப்பு நாள் மார்ச் 21, கொரோனா முடக்கம். வழக்கமாக எங்கே இருந்திருப்பார்களோ அந்த முகவரியை எழுதச் சொன்னார்கள். ஆனாலும் பல மாணவர்கள் ஊரிலேயே இல்லை. வேல்ஸில் அபரிஸ்ட்வித் பல்கலைக்கழகம் உள்ள கெரெடிஜியன் மாவட்டம் 2011-க்கும் 2021-க்கும் இடையில் 5.8% சுருங்கியதாகப் பதிவானது. அதில் நிரந்தரச் சரிவு எவ்வளவு, அந்த ஆண்டின் விசித்திரம் எவ்வளவு என்பதைப் பல்கலைக்கழகச் சேர்க்கைப் பதிவேட்டையும் முன்பின் ஆண்டுகளையும் வைத்துத்தான் பிரிக்க முடியும்.

நிர்மலா: வெளிநாட்டு மாணவர்கள் மக்கள்தொகையில் சேர்வார்களா?

பதில்: 12 மாதமோ அதற்கு மேலோ தங்கினால் சேர்வார்கள். ஆஸ்திரேலியா 16 மாதக் காலத்தில் 12 மாதம் என்று எண்ணுகிறது, இடையில் ஊருக்குப் போய்வருபவர் விடுபடாமல் இருக்க. கவனிக்க வேண்டியது வெளியேற்றம். வருகையை எல்லாரும் நன்றாகப் பதிவார்கள், புறப்பாடு நழுவிவிடும். பிரிட்டனில் பயணிகளிடம் மாதிரி முறையில் கேட்டு எடுத்த கணக்கு, கிளம்பிய மாணவர்களைக் குறைவாகக் காட்டியதை 2017-இல் வெளியேறும் பயணிகளின் பதிவுகள் எடுத்துக்காட்டின. புறப்பாடு நழுவினால் பல்கலைக்கழக ஊர்களில் 22–30 வயதினர் ஆண்டுக்கு ஆண்டு காகிதத்தில் மட்டும் குவிவார்கள். மருத்துவர் பதிவேடு, வரிப்பதிவேடு ஏதாவது ஒன்றோடு வயதுவாரியாக ஒப்பிட்டால் அந்தக் குவியல் பிடிபடும்.

அரசு கதவைத் திறப்பதும் மூடுவதும் இந்த எண்ணை ஒரே ஆண்டில் புரட்டிவிடும். 2020 மார்ச்சில் ஆஸ்திரேலியா எல்லையை மூடியது. 2024 ஜனவரியில் கனடா படிப்பு அனுமதிகளுக்கு உச்சவரம்பு அறிவித்தது. உள்ளூர் மாணவர் போக்கிலிருந்து இவர்களை எப்போதும் தனிக் கோடாக வரையுங்கள்.

குமரன்: ஒரே ஓர் ஆண்டில் மட்டும் புதுச்சேர்க்கை கூர்மையாக ஏறி, அடுத்த ஆண்டே இறங்கியிருக்கிறது. பிழை என்று நீக்கிவிடலாமா?

பதில்: நீக்கும் முன் பள்ளிக் கால மாற்றம் நடந்ததா என்று பாருங்கள். கனடாவின் ஒன்டாரியோவில் 13-ஆம் ஆண்டுப் படிப்பை எடுத்தபோது 2003-இல் இரண்டு வகுப்பினர் சேர்ந்து பள்ளியை முடித்தார்கள். ஜெர்மனியின் பவேரியாவிலும் லோயர் சாக்சனியிலும் 2011-இல் அதே நிலை. அந்த ஜூலையில் கட்டாய ராணுவச் சேவையும் நிறுத்தப்பட்டதால் இன்னும் இளைஞர்கள் வந்தார்கள். கூர்முனை மூன்று நான்கு ஆண்டுகளில் பட்டம் பெறுவோர் வரிசையில் மறுபடி தோன்றினால் அது உண்மை.

ஜெயந்தி: ஓய்வுக்குப் பிறகு மக்கள் போய்க் குடியேறும் கடலோர ஊர்களுக்குக் கணிப்பு எப்படிப் போடுவது? மாணவர் ஊர் மாதிரியே பிரிக்கலாமா?

பதில்: பிரிக்க வேண்டாம், ஜெயந்தி. ஓய்வுபெற்றவர் வீக்கம் மாணவர் வீக்கத்துக்கு நேரெதிர்: அது அதே இடத்தில் வயதாகும். 65-இல் வந்தவர் 20 ஆண்டு கழித்து 85 வயதில் அங்கேயே இருக்கக்கூடும். இங்கிலாந்தின் வடக்கு நார்ஃபோக்கில் 2021-இல் மூன்றில் ஒருவர் 65 வயதைக் கடந்தவர். இத்தகைய இடங்களில் இறப்பு பிறப்பை மிஞ்சும். ஆனாலும் புது வரவால் மொத்தம் வளரும். வரவு ஒரு பத்தாண்டு தளர்ந்தால் சரிவு வேகமாக வரும்.

இடப்பெயர்வை வயதுவாரியாகப் போடும்போது மக்கள்தொகை ஆய்வாளர்கள் ரோஜர்ஸ், காஸ்ட்ரோ இருவரும் 1981-இல் கொடுத்த வளைவு உதவும். குழந்தை வயதில் ஒரு சரிவு, இருபதுகளில் உயர்ந்த முகடு, ஓய்வு வயதில் சின்ன மேடு. அந்த மேட்டைச் சேர்க்காத, ஏழு அளவுருக்கள் (வளைவின் வடிவத்தை முடிவுசெய்யும் எண்கள்) கொண்ட எளிய வளைவை இந்த ஊர்களுக்குப் பொருத்தாதீர்கள். மேடு உள்ள 11 அளவுரு வடிவம் வேண்டும். ஆண்டுக்குச் சில நூறு பேரே வரும் சிற்றூரில் 11 அளவுருக்களும் ஆடிவிடும். ஐந்து ஆண்டுத் தரவைக் கூட்டிப் பொருத்துங்கள்.

திரும்பிப் போகும் கூட்டத்தையும் மறக்காதீர்கள். முதியோர் இடப்பெயர்வை ஆராய்ந்த லிட்வாக்கும் லாஞ்சினோவும் 1987-இல் மூன்று நகர்வுகளைச் சொன்னார்கள்: ஓய்வின்போது பிடித்த ஊருக்கு, உடல் தளர்ந்ததும் அல்லது துணையை இழந்ததும் பிள்ளைகள் இருக்கும் ஊருக்கு, கடைசியில் பராமரிப்பு இல்லத்துக்கு. இரண்டாவது நகர்வை விட்டுவிட்டால் 80 வயதைக் கடந்தவர்கள் கடலோர ஊரில் அதிகமாகவும் பிள்ளைகள் வாழும் நகரங்களில் குறைவாகவும் வருவார்கள். பராமரிப்புப் படுக்கைகள் தவறான ஊரில் திறக்கப்படும். வயதானவர்களின் வாழ்க்கை இதில் தொங்குவதால், இந்த ஒரு திருத்தத்துக்கு எவ்வளவு நேரம் செலவழித்தாலும் தகும்.

பல்கலைக்கழகமும் ஓய்வுக் குடியேற்றமும் ஒரே ஊரில் இருந்தால் சராசரி வயதை அறிக்கையில் எழுதவே வேண்டாம். 20-இலும் 70-இலும் இரண்டு முகடு இருக்கும் ஊரில் 'சராசரி வயது 44' யாரையும் குறிக்காது.

ரவி: எங்கள் பட்டியலில் ஓய்வூதியங்களின் எண்ணிக்கை, முதியவர்களின் எண்ணிக்கையைவிட அதிகம். போலிகளா?

பதில்: முதலில் எளிய காரணங்களைக் கழியுங்கள். சொந்த ஓய்வூதியமும் துணைவர் இறந்ததால் வரும் குடும்ப ஓய்வூதியமும் வாங்கும் ஒருவர் இரண்டு வரிசை. உடல் ஊனத்துக்காக 45 வயதில் வாங்குபவர் முதியவரே அல்ல. வெளிநாட்டில் குடியேறி அங்கே ஓய்வூதியம் பெறுபவர் உங்கள் பதிவேட்டில் உண்டு, மக்கள்தொகையில் இல்லை. இறப்பைப் பதிவதில் தாமதம் கடைசிக் காரணம். ஆளுக்கொரு அடையாள எண் வைத்து ஒன்றாக்கி, பிறகு வயதையும் முகவரியையும் வடிகட்டுங்கள். இதற்குப் பிறகும் மிஞ்சுவதை மட்டும் விசாரிக்க அனுப்புங்கள்.

செல்வி: வயதை 60, 65, 70 என்று முழுமையாக்கிச் சொல்லும் பழக்கம் கணக்கைக் கெடுக்குமா?

பதில்: நன்றாகவே கெடுக்கும், ஏனென்றால் நாம் எல்லை வைப்பதும் அதே எண்களில். 58, 59 வயதுக்காரர் 60 என்று சொன்னதும் எல்லையைத் தாண்டிவிடுகிறார். ஓய்வூதியத் தகுதி 60 என்றால் இழுவை இன்னும் வலுக்கும். வயதுகள் முழு எண்களில் எவ்வளவு குவிகின்றன என்று காட்டும் விப்பிள் குறியீட்டைப் போடுங்கள்: 23–62 வயதினரில் 0, 5-இல் முடியும் வயதுகளைக் கூட்டி, 5-ஆல் பெருக்கி, அந்த வயதினரின் மொத்தத்தால் வகுத்து, 100-ஆல் பெருக்க வேண்டும். 105-க்குக் கீழ் மிகத் துல்லியம். 125-ஐத் தாண்டினால் கரடுமுரடு. 175-க்கு மேல் ஒற்றை வயதைத் தொடாதீர்கள். அது 62-இல் நின்றுவிடுவதால் 65-க்குத் தனியாக, 65 வயதினரை 5-ஆல் பெருக்கி 63 முதல் 67 வரையுள்ள மொத்தத்தால் வகுங்கள். 1-ஐவிட எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு குவியல். வேறு தரவு இல்லையென்றால் 58–62, 63–67 என்று குவியல் நடுவில் விழும்படி குழு அமைத்துப் போக்கைப் பாருங்கள்.

இன்பா: மாணவர், ஓய்வுபெற்றவர் இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட இரண்டு அச்சு வைக்கலாமா?

பதில்: வேண்டாம். இரண்டு அச்சில் கோடுகள் வெட்டும் இடத்தை நீங்கள் விரும்பிய ஆண்டுக்கு நகர்த்த முடியும், வாசகருக்கு அது தெரியாது. முதல் ஆண்டை 100 ஆக்கி இரண்டையும் ஒரே அச்சில் வரையுங்கள். வரையறை மாறிய ஆண்டில் கோட்டை உடைத்துக் காட்டுங்கள்.

அனிதா: மேடம், 2040 வரை மாணவர், ஓய்வுபெற்றவர் இரண்டுக்கும் கணிப்பு கேட்கிறார்கள். எதை உறுதியாகச் சொல்லலாம், எதை ஊகமாக?

பதில்: ஆட்கள் பிறந்துவிட்டார்களா என்பதை வைத்துப் பிரியுங்கள். 2040-இல் 65 வயதாகப் போகிறவர்கள் 1975-இல் பிறந்தவர்கள், இன்றே எண்ணிவிடலாம். இறப்பு விகிதம் சற்று மாறும், அவ்வளவே. ஊகம் இருப்பது அவர்கள் எந்த வயதில் வேலையை விடுவார்கள் என்பதில். டென்மார்க் 2025-இல் நிறைவேற்றிய சட்டப்படி அங்கே ஓய்வு வயது 2040-இல் 70 ஆகிறது. இப்படிச் சட்டமாகிவிட்டதை அடிப்படைக் கணிப்பிலும், பேச்சளவில் இருப்பதை மாற்றுக் கணிப்பிலும் வையுங்கள்.

மாணவர் பக்கமும் 2040-இல் 18 வயதாகிறவர்கள் 2022-இல் பிறந்தவர்கள். அமெரிக்காவில் பிறப்பு 2007-இல் ஏறக்குறைய 43 லட்சத்தைத் தொட்டுப் பிறகு இறங்கியது. அந்தக் கூட்டம் 18-ஐ எட்டியது 2025-இல். இனி வருபவை சிறிய வகுப்புகள் என்பதைச் சொல்ல எந்த மாதிரியும் தேவையில்லை. ஆனால் எத்தனை சதவீதம் சேர்வார்கள், எத்தனை ஆண்டு படிப்பார்கள் என்பது ஊகம். சேர்க்கை விகிதம் இன்றுள்ளபடி, கடந்த பத்தாண்டு வேகத்தில் பாதி, முழு வேகம் என்று மூன்று வரிசை போடுங்கள். ஒவ்வொன்றையும் படிப்புக்காலத்தால் பெருக்கும்போது இடையில் நிற்பவர்களைக் கழிக்க மறக்காதீர்கள். முதலாண்டு இழப்புதான் பெரியது.

மேல் எல்லை ஒன்றையும் எழுதுங்கள். தென் கொரியாவில் 1970-இல் ஏறக்குறைய 10 லட்சம் குழந்தைகள் பிறந்தார்கள், 2023-இல் ஏறக்குறைய 2.3 லட்சம். 2041-இல் அங்கே 18 வயதாகும் உள்நாட்டு மாணவர்கள் அனைவரும் சேர்ந்தாலும் அந்த 2.3 லட்சத்தைத் தாண்ட முடியாது. உங்கள் கணிப்பு அப்படியொரு எல்லையைத் தாண்டினால், மிகை வெளிநாட்டு மாணவர்களிடமிருந்தா, வேலைக்குப் போய்விட்டுத் திரும்பிப் படிக்க வருபவர்களிடமிருந்தா என்று தனி வரிசையில் காட்டுங்கள். காட்ட முடியவில்லையென்றால் சேர்க்கை விகிதத்தை எங்கோ எல்லை மீறி நீட்டிவிட்டீர்கள். அந்தக் கட்டத்துக்குத் திரும்பிப் போய் 100%-இல் நிறுத்துங்கள்.